நடுவர் சொல்லிவிட்டால் அதோடு முடிந்ததா?

கேள்வி: துவாக்குடி பக்கம் ஒரு பேப்ரிகேஷன் கம்பெனியில் 18 வருடம் வேலை பார்த்தேன். டிபன் கேரியரில் செப்புக் கம்பி எடுத்துப் போனதாக 2023-ல் டிஸ்மிஸ் செய்தார்கள். அதற்கு முன் ஒரு மெமோகூட வாங்கியதில்லை. லேபர் கோர்ட் வேண்டாம், நடுவரிடம் விடலாம் என்று யூனியனும் நிர்வாகமும் 10ஏ பிரிவில் கையெழுத்துப் போட்டார்கள். டிஸ்மிஸ் செல்லும் என்று அவர் 2025 ஜூலையில் அவார்டு கொடுத்துவிட்டார். கேட்டில் இருந்த செக்யூரிட்டியை யாரும் விசாரிக்கவே இல்லை, அவர் எழுதிய ரிஜிஸ்டர் பக்கம் ஒன்றுதான் ஆதாரம். "நீங்களே ஒப்புக்கொண்ட நடுவர், இனி எங்கேயும் போக முடியாது" என்கிறார் மேனேஜர். மூன்று மாதத்துக்குள் ஜில்லா கோர்ட்டில் போட்டிருக்க வேண்டும், கெடு போய்விட்டது என்கிறார் என் மச்சான். யார் சொல்வது சரி?
– பெயர் வேண்டாம், திருச்சி மாவட்டம்

பதில்: இரண்டு பேர் சொல்வதும் தப்பு. மச்சான் சொல்லும் மூன்று மாதக் கெடு, காண்ட்ராக்ட் தகராறுகளுக்கான 1996-ம் வருடத்து நடுவர் சட்டத்தில் வருவது. உங்களுடையது 1947-ம் வருடத் தொழில் தகராறு சட்டத்தின் 10ஏ; பொதுவான நடுவர் சட்டம் இதற்குப் பொருந்தாது என்று அந்தப் பிரிவே சொல்கிறது. (2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது, ஆனால் உங்கள் அவார்டு அதற்கு முந்தையது.)

மேனேஜருக்குப் பதில் 1979-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. குஜராத் ஸ்டீல் டியூப்ஸ் வழக்கு. 1973-ல் ஸ்டிரைக் செய்த எண்ணூறுக்கும் மேற்பட்டவர்களை அகமதாபாத் கம்பெனி மொத்தமாக வெளியே அனுப்பியது, விஷயம் 10ஏ நடுவரிடம் போனது, கம்பெனி செய்தது சரி என்று அவர் சொல்லிவிட்டார். ஹைகோர்ட் அதை ரத்து செய்தது. கம்பெனி மேலே போனபோது நீதிபதி கிருஷ்ண ஐயர் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு தொழிலாளிகள் பக்கம் நின்றது. அவருடைய ஆங்கிலத்துக்கு அகராதி வேண்டும், சொன்னது என்னவோ எளிய விஷயம்தான்: 10ஏ நடுவரின் அவார்டையும் ஹைகோர்ட் அரசியல் சட்டத்தின் 226, 227-ன் கீழ் பார்க்கலாம், அப்புறம், தண்டனை அதிகம் என்றால் குறைக்கும் 11ஏ அதிகாரம், அந்தப் பிரிவில் நடுவர் என்ற சொல்லே இல்லாவிட்டாலும், அவருக்கும் உண்டு.

ஆனால் இப்படி ஹைகோர்ட்டில் போடும் ரிட் மனு என்பது அப்பீல் இல்லை, இதைப் புரிந்துகொள்ளாமல் போய்த்தான் பலர் ஏமாறுகிறார்கள். மெட்ராஸ்–சிதம்பரம் பஸ் பர்மிட்டுக்காக நடந்த சையது யாகூப் வழக்கில் சுப்ரீம் கோர்ட் போட்ட கோடு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. சாட்சியை மறுபடி எடைபோட ஹைகோர்ட் உட்காராது. அந்த செக்யூரிட்டி வந்து சொல்லி, உங்கள் தரப்பு குறுக்கு விசாரணை செய்து, நடுவர் அவரை நம்பியிருந்தால் நான் உங்களை வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருப்பேன். ஆளே வரவில்லை, நோட்டு மட்டும் பேசியிருக்கிறது என்றால் அது வேறு; ஆதாரமே இல்லாத முடிவு என்று வாதாட இடம் இருக்கிறது. நிச்சயம் ஜெயிக்கும் என்று சொல்ல மாட்டேன்.

என்னைக் கேட்டால் இன்னும் வலுவான இடம் தண்டனைதான். 18 வருடம், ஒரு மெமோ இல்லை. இதைப் பற்றி அவார்டில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடுங்கள். குற்றம் நிரூபணம், எனவே டிஸ்மிஸ் சரி என்று ஒரே மூச்சில் முடித்திருந்தால், தண்டனையைக் குறைக்கத் தனக்கு இருக்கிற அதிகாரத்தை நடுவர் யோசித்தே பார்க்கவில்லை என்று அர்த்தம். திருட்டு என்றால் கோர்ட்டுகள் கொஞ்சம் கடுமையாகத்தான் பார்க்கும், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. நடுவரிடம் விடும் ஒப்பந்தம் கெஜட்டில் வந்ததா? வராமல் நடந்த விசாரணை செல்லாது என்று 1989-ல் கர்னால் லெதர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. யூனியன் ஆபீஸில் கேட்டால் தெரியும்.

வழக்கு நடக்கும்போது கடைசிச் சம்பளம் தரச் சொல்லும் 17பி உங்களுக்குக் கிடைக்காது, அது வேலைக்குத் திரும்ப எடுக்கச் சொன்ன அவார்டை நிர்வாகம் எதிர்க்கும்போதுதான். ரிட்டுக்கு இத்தனை நாள் என்று கெடு இல்லை, ஆனால் ஏன் இவ்வளவு தாமதம் என்று நீதிபதி கேட்பார். திருச்சி என்பதால் மதுரைக் கிளையில் போட வேண்டும். வக்கீலைப் பார்க்கப் போகும்போது அவார்டு, என்கொயரி நகலோடு அந்த ரிஜிஸ்டர் பக்கத்தின் நகலையும் எடுத்துப் போங்கள். அதில் உங்கள் கையெழுத்து இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்.