காற்றா, சென்சாரா?

கேள்வி: அமெரிக்காவின் நியூஜெர்சியில் 2011ஆம் ஆண்டு மாடல் கார் ஒன்றை ஓட்டி வருகிறேன். குளிர்காலக் காலைகளில் வண்டியைக் கிளப்பியதும் டயர் காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு சற்று நேரம் சிமிட்டிவிட்டு, பின்னர் அணையாமல் எரிகிறது. டயர்களில் காற்று சரியாகவே இருக்கிறது. ஒரு சென்சார் செயலிழந்துவிட்டது, நான்கையும் மாற்றுங்கள் என்கிறார்கள் டயர் கடையில். பழைய வண்டிக்கு இந்தச் செலவு தேவைதானா?

— வாசகர், எடிசன்

பதில்: தேவைதான், ஆனால் இன்றைக்கே செய்தாக வேண்டும் என்பதில்லை. காற்று குறைந்திருந்தால் விளக்கு சிமிட்டாமல் நேரடியாக எரியும். ஒரு நிமிடத்துக்கு மேல் சிமிட்டிய பிறகு நிலையாக எரிந்தால், கோளாறு டயரில் அல்ல, அதைக் கண்காணிக்கும் அமைப்பில் இருக்கிறது என்று பொருள்.

ரிம்முக்கு உள்ளே, வால்வின் அடியில் பொருத்தப்பட்டிருக்கும் சென்சாரின் லித்தியம் பேட்டரி பிசினால் மூடி அடைக்கப்பட்டிருப்பதால், அதை மட்டும் தனியே மாற்ற வழியில்லை. பொதுவாக ஏழு முதல் பத்து ஆண்டுகள் உழைக்கும். குளிரில் அதன் மின்னழுத்தம் மேலும் தாழ்வதால், ஆயுள் முடியும் தறுவாயில் உள்ள சென்சார் காலையில் மௌனமாக இருந்துவிட்டு, வெயில் ஏறியதும் மீண்டும் சிக்னல் அனுப்புவதுண்டு.

ஒவ்வொரு வால்வின் அருகிலும் ஸ்கேன் கருவியைப் பிடித்துச் சோதித்து, எது பழுது, மற்றவற்றின் நிலை என்ன என்று காட்டச் சொல்லுங்கள். நான்கும் வண்டியோடு வந்தவை என்றால் கடைக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது: ஒரே வயதுடைய மற்ற மூன்றும் அடுத்தடுத்துப் படுத்துவிடும், ஒவ்வொரு முறையும் டயரைக் கழற்றி, மாட்டி, பேலன்ஸ் செய்யும் கூலியை நீங்கள் கொடுக்க வேண்டியிருக்கும். ஓராண்டுக்குள் புது டயர் போடும் எண்ணம் இருந்தால் அதுவரை பொறுத்திருந்து, டயரோடு சேர்த்து நான்கையும் மாற்றிவிடுவதே சிக்கனம். பழைய சென்சாரின் அடையாள எண்ணை நகலெடுத்துக்கொள்ளும் வகையும் கிடைக்கிறது. அதைப் போட்டால் காரின் கணினிக்குப் புதிதாக அறிமுகப்படுத்தும் வேலை மிச்சம். இணையத்தில் மலிவாக வாங்குவோர் அலைவரிசையைப் பார்த்து வாங்க வேண்டும்: அமெரிக்கச் சந்தைக்கான கார்களில் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பியக் கார்களில் 433.

பனியை உருக்க உங்கள் ஊர்ச் சாலைகளில் தூவப்படும் உப்பு அலுமினிய வால்வுகளை அரித்து, மூடியைச் சுற்றி வெள்ளைப் பொடியாகப் பூத்திருக்கும். இறுகிப்போன மூடியைக் குறடு கொண்டு திருகினால் வால்வுத் தண்டே முறிந்துவிடலாம். நல்ல சென்சாரும் அதோடு வீணாகும். வால்வின் உள்ளே பித்தளை ஊசியைப் போடாமல், நிக்கல் பூசியதையே போடச் சொல்லுங்கள்.

கோளாறு விளக்கு எரிந்துகொண்டிருக்கும் வரை, உண்மையிலேயே காற்று இறங்கினாலும் உங்களுக்குத் தெரியாமல் போகலாம். எனவே மாதம் ஒருமுறையும் நெடும்பயணத்துக்கு முன்பும், வண்டி ஓடிச் சூடாகும் முன்னரே அழுத்தமானியால் சோதியுங்கள். வெப்பநிலை 5.5 டிகிரி செல்சியஸ் குறைந்தால் அழுத்தம் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு) இறங்கும். பிடிக்க வேண்டிய அளவு ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது உச்ச வரம்பு மட்டுமே.