தீநிரல் நீங்கிய பின்னும் செய்ய வேண்டியவை

கேள்வி: இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருளை வீட்டுக் கணினியில் நிறுவினோம். மறுநாள், ‘ட்ரோஜன்’ (நல்ல மென்பொருள்போல் வேடமிட்டு நுழையும் தீநிரல், அதாவது தீங்கு செய்யும் நிரல்) ஒன்றைக் கண்டுபிடித்துத் தனிமைப்படுத்திவிட்டதாக விண்டோஸ் டிஃபெண்டர் அறிவித்தது. இப்போது கணினி வழக்கம்போல் இயங்குகிறது. இத்துடன் விட்டுவிடலாமா, ஃபார்மட் செய்ய வேண்டுமா?

பதில்: தயவுசெய்து இத்துடன் விட்டுவிடாதீர்கள். இறக்கிய கோப்பைத் திறப்பதற்கு முன்பே டிஃபெண்டர் தடுத்திருந்தால் கவலைப்பட அதிகம் இருந்திருக்காது. நீங்களோ அதை நிறுவிவிட்டீர்கள், பிடிபட்டது மறுநாள்தான். இடைப்பட்ட நேரத்தில் அது என்ன செய்திருக்கும் என்பதே இங்கு முதன்மையான கேள்வி. தகவல் திருடும் வகையைச் சேர்ந்த தீநிரல்கள், பிரவுசரில் சேமித்துவைத்த கடவுச்சொற்களையும் குக்கீகளையும் (இணையதளங்கள் பிரவுசரில் சேமித்துவைக்கும் சிறு தகவல் துணுக்குகள்) சில நிமிடங்களிலேயே நகலெடுத்து அனுப்பிவிடக்கூடியவை. அவற்றில் குக்கீ திருட்டைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. ஒரு கணக்கில் நீங்கள் ஏற்கெனவே நுழைந்திருக்கிறீர்கள் என்பதற்கான அடையாளம் குக்கீயில் இருப்பதால், அதைக் கைப்பற்றியவர் கடவுச்சொல்லும் ஓடிபியும் இல்லாமலேயே அக்கணக்கினுள் நுழைந்துவிட முடியும்.

ஆகவே முதலில் அந்தக் கணினியின் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, கைப்பேசி போன்ற வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். மற்றக் கணக்குகளின் கடவுச்சொற்களை மீட்கும் வழி பெரும்பாலும் மின்னஞ்சல்தான் என்பதால் அதற்கே முதலிடம். அங்கேயே ‘எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு’ என்ற வசதியையும் பயன்படுத்துங்கள். திருடப்பட்ட குக்கீயைச் செல்லாததாக்க அது தேவை. மீட்பு எண்ணாகவோ மீட்பு முகவரியாகவோ அறிமுகமற்ற ஏதேனும் சேர்க்கப்பட்டிருக்கிறதா, உங்கள் அஞ்சல்கள் வேறு முகவரிக்குத் திருப்பிவிடப்படுகின்றனவா என்றும் பாருங்கள். அடுத்து வங்கி, பிறகு மற்றவை. கணினியைச் சுத்தப்படுத்தும்வரை புதிய கடவுச்சொல் எதையும் அதில் தட்டச்சு செய்ய வேண்டாம்.

டிஃபெண்டரில் உள்ள ‘ஆஃப்லைன் ஸ்கேன்’, விண்டோஸ் இயங்கத் தொடங்கும் முன்பே கணினியைச் சோதிப்பதால், இயங்கும்போது ஒளிந்துகொள்ளும் தீநிரல்களையும் கண்டறிய வாய்ப்புண்டு. ஏறத்தாழ 15 நிமிடங்கள் ஆகும். ஆனால் ஒரு ட்ரோஜன் தன்னுடன் வேறு எதையெல்லாம் அழைத்து வந்தது என்பதை எந்த ஸ்கேனும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. உங்கள் நிலையில் ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாக நிறுவுவதையே பரிந்துரைக்கிறேன். நிறுவுவதற்கான பென்டிரைவை வேறொரு கணினியில் தயாரியுங்கள். படங்களையும் ஆவணங்களையும் மட்டும் பேக்கப் எடுங்கள். மென்பொருள் நிறுவும் கோப்புகள் எதுவும் அதனுடன் வர வேண்டாம்.

கேள்வி: பிரவுசர் முழுத்திரையாகி, ‘உங்கள் கணினியில் வைரஸ் உள்ளது, உடனே இந்த எண்ணை அழையுங்கள்’ என்று எச்சரிக்கிறது. அழைக்கலாமா?

பதில்: அழைக்கவே கூடாது. மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இடம்பெறாது. நீங்கள் பார்த்தது ஏமாற்றுவதற்கென்றே உருவாக்கிய ஓர் இணையப்பக்கம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும் டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடிவிடுங்கள். மீண்டும் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கச் சொல்லாதீர்கள். ஒருவேளை ஏற்கெனவே அழைத்துப் பேசி, அவர்கள் சொன்ன மென்பொருளை நிறுவிக் கணினியை அவர்கள் தொலைவிலிருந்து இயக்க அனுமதித்திருந்தால், முதல் கேள்விக்குச் சொன்ன அனைத்தையும் இன்றே செய்யுங்கள். வங்கிக்கும் உடனே தெரிவியுங்கள்.