மூச்சை புடிக்காதே!

கேள்வி: இன்க்ரிமெண்ட் எப்ப வரும்னு மேனேஜர்கிட்ட கேட்டேன், 'டோண்ட் ஹோல்ட் யுவர் பிரெத்'னு சிரிச்சிட்டு போய்ட்டாரு. மூச்சை புடிக்காதேன்னா என்னண்ணே அர்த்தம்?
- வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: இப்போதைக்கு வராது, ஆசையா காத்துக்கிட்டு இருக்காதேன்னு அர்த்தம் தங்கச்சி, அதைத்தான் மனுசன் நக்கலா சொல்லிட்டு போயிருக்காரு. மொதல்ல உச்சரிப்ப பாருங்க, நம்மாளுங்க நெறைய பேரு கோட்டை விடுற இடம் அதுதான்: மூச்சுன்னா 'பிரெத்', மூச்சு விடுறது 'பிரீத்', எழுதும்போது கடைசியில ஒரு 'ஈ' கூடும். பத்துமலையில 272 படியும் ஏறிட்டு மேல நின்னு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குறோமே, அது 'அவுட் ஆஃப் பிரெத்'. வாய்க்குள்ளயே முணுமுணுத்தா 'அண்டர் யுவர் பிரெத்'. 'சேவ் யுவர் பிரெத்'னா சொல்லி பிரயோஜனம் இல்ல, செவிடன் காதுல ஊதுன சங்குதான், வாயை மூடுன்னு அர்த்தம். எனக்கு புடிச்சது 'டோண்ட் பிரீத் எ வேர்ட்', ஏன்னா நம்ம வீட்டுலயும் அதேதானே, "அப்பாகிட்ட இதப்பத்தி மூச்சு விடாதே"ன்னு அம்மா சொல்வாங்கள்ல, அப்படியே அதுதான். மேனேஜர்கிட்ட அடுத்த மாசம் இன்னொரு தடவ கேட்டுப் பாருங்க.