புது ஆசிரியர்கள் கேட்டவை: கடைசி வாங்கிலிருந்து சில பதில்கள்

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் கணித ஆசிரிய ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வகுப்பறைக்குள் நடப்பது எதையும் கேளுங்கள். இடமாற்றமும் சம்பள நிலுவையும் என் கையில் இல்லை, வலயத்தில் (வலயக் கல்வி அலுவலகத்தில்) கேளுங்கள்.

கேள்வி (வேலணை, தரம் 7 கணிதம், முதல் வருடம்): சேர், நான் கேள்வி கேட்டால் வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. கடைசியில் பதிலையும் நானே சொல்லிவிடுகிறேன். என்னில் என்ன பிழை?

பதில்: பிள்ளை, கேட்ட பிறகு எவ்வளவு நேரம் பொறுக்கிறீர்கள்? ஐந்து விநாடி என்று நினைப்பீர்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் விஞ்ஞான வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை வைத்து அளந்தார். ஆசிரியர்கள் ஏறத்தாழ ஒரு விநாடிதான் பொறுத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்குக் கூட்டியதும் பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். பிள்ளை சொல்லி முடித்த பிறகும் அப்படிப் பொறுக்க வேண்டும். "சரி, இருங்கோ" என்று உடனே பாய்ந்தால் அடுத்த பிள்ளை யோசிப்பதை விட்டுவிடும்.

இதை நீங்களே கண்டுபிடிக்க முடியாது. எனக்கு ஐந்தாவது வருடத்தில்தான் தெரிந்தது. பக்கத்து வகுப்பு ரீச்சர் ஒருவர் என் வகுப்பின் கடைசி வாங்கில் இருந்து கேள்விகளை மட்டும் கோடு போட்டு எண்ணினார். பாதிக்கு மேல் நானே பதில் சொல்லியிருந்தேன். அந்தக் கோடு போட்ட தாள் எனக்குச் சொல்லித் தந்ததை எந்தச் செயலமர்வும் தரவில்லை. நம்பிக்கையான ஒருவரை ஒரு பாடவேளைக்குக் கூப்பிடுங்கள், ஒரே ஒரு விடயத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் பிள்ளையின் பெயரைச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்கிறீர்களா என்பதையும் இன்னொரு நாள் பார்க்கச் சொல்லலாம். பெயரை முதலில் சொன்னால் மற்ற முப்பது பேருக்கும் அது விடுமுறை.

கேள்வி (மானிப்பாய்): பட்டப்பின் கல்வி டிப்ளோமாவை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் செய்வதா, திறந்த பல்கலைக்கழகத்தில் செய்வதா?

பதில்: உங்கள் நேரசூசிக்கு எது ஒத்துவருகிறதோ அது. ஆனால் சான்றிதழ் சேர்க்கிற நோய் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (தென்மராட்சி): ஐந்து படிமுறையும் 40 நிமிடத்துக்குள் வருகிற மாதிரிப் பாடக்குறிப்பு எழுதுகிறேன். இரவு பதினொரு மணியாகிறது. வகுப்பில் இரண்டாவது படிமுறையிலேயே மணி அடித்துவிடுகிறது.

பதில்: தேசிய கல்வி நிறுவகம் 2007 சீர்திருத்தத்தோடு கொண்டுவந்த அந்த ஐந்து படிமுறை, அதாவது 5இ முறை, ஒரு தேர்ச்சி மட்டத்துக்கானது (பிள்ளை அடைய வேண்டிய ஒரு திறனுக்கானது), ஒரு பாடவேளைக்கானதல்ல. இரண்டு மூன்று பாடவேளைக்குப் பரப்பலாம். மூன்று வரி எழுதுங்கள்: பிள்ளைகள் என்ன செய்வார்கள், எங்கே பிழை விடுவார்கள், நான் எப்படி அறிவேன். மிச்ச நேரம் நித்திரை கொள்ளுங்கள்.

கேள்வி (நெடுந்தீவு): தீவகத்திலிருந்து இடமாற்றத்துக்கு எப்போது விண்ணப்பிக்கலாம்?

பதில்: வலயம்.

கேள்வி (உரும்பிராய்): பிரம்பு இல்லாமல் தரம் 9ஐ எப்படிக் கட்டுப்படுத்துவது?

பதில்: பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்கிற கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கையைப் படியுங்கள், பிரம்பைப் பற்றிய கேள்வி அங்கேயே முடிந்தது. உங்கள் வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தை யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். குழப்பம் அநேகமாக அங்கேதான் தொடங்கும், நீங்கள் திரும்பி நின்று திகதி எழுதும்போது.

கேள்வி (வடமராட்சி, 9 வருட அனுபவம்): கோபிக்க வேண்டாம் சேர். ஆலோசகர் வந்தால் பிழை பிடிக்கத்தான் வருவார். படிவத்தில் குறி போட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போவார். நீங்கள் சொல்கிற மாதிரி வெளிநாட்டில் நடக்கும்.

பதில்: தம்பி, நானும் அந்தப் படிவத்தை நிரப்பியிருக்கிறேன். வெளிநாட்டை இழுத்தபடியால் சொல்கிறேன். இங்கிலாந்தில் 2021இலிருந்து புது ஆசிரியருக்கு இரண்டு வருடம் வழிகாட்டி ஒருவர் இருப்பார். முதல் வருடம் கற்பிக்கும் நேரத்தில் 10 வீதமும், அடுத்த வருடம் 5 வீதமும் குறைப்பார்கள். எங்கள் ஊரில்? ஒருவரும் எடுக்காத வகுப்பு, விளையாட்டுப் போட்டிப் பொறுப்பு, சரஸ்வதி பூசைக் கணக்கு எல்லாம் புதிதாக வந்தவர் தலையில்.

கேள்வி (ஓர் அதிபர்): ஆள் இல்லாத பாடசாலையில் நேரத்தைக் குறைக்கச் சொன்னால் அந்த வகுப்பை யார் பார்ப்பது? தீவகத்துக்கு ஒருதரம் வந்து பாருங்கள்.

பதில்: அதிபர் ஐயா, நேரத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருதரம் ஒரு பாடவேளையை இருவர் மாற்றிக்கொண்டு, ஒருவர் வகுப்பில் மற்றவர் இருந்து பார்த்தால் போதும். ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்த அமெரிக்கர்கள் ஜோய்ஸ், ஷவர்ஸ் இருவரும் 1980களின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார்கள்: கோட்பாட்டைக் கேட்டு, செய்துகாட்டுவதைப் பார்த்துவிட்டுப் போனால் வகுப்பறையில் பெரிதாக ஒன்றும் மாறாது, கூடவே ஒருவர் பின்தொடர்ந்து வர வேண்டும். மண்டபத்தில் எண்பது பேரை இருத்தி நடத்துகிற செயலமர்வுச் செலவை நினைத்துப் பாருங்கள்.

கேள்வி (அதே அதிபர்): சரி, அவதானித்த தாளை எனக்குத் தர வேண்டாமா? நான் பொறுப்பாளன்.

பதில்: தரக்கூடாது. அது யாருடைய வகுப்போ அவரிடமே இருக்க வேண்டும். உங்கள் கோப்புக்குள் போகும் என்று தெரிந்தால் அன்றைக்கு நாடகம்தான் நடக்கும், பிள்ளைகளுக்கும் முதல் நாளே ஒத்திகை நடந்துவிடும்.

கேள்வி (வடமராட்சி): அப்படியென்றால் பலவீனமான ஆசிரியர் ஒளிந்துகொள்ள மாட்டாரா?

பதில்: ஒளிவார். அதற்குப் பிள்ளைகளின் கொப்பிகள் இருக்கின்றன, அதிபர் அவற்றைப் பார்க்கட்டும். மேற்பார்வை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மதிப்பெண் போடுகிறவரும் கைகொடுக்கிறவரும் ஒரே ஆளாக இருந்தால் இரண்டும் கெட்டுவிடும். இதில் நாங்கள் மூன்று பேரும் இரவு முழுக்க மல்லுக்கட்டலாம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி (காரைநகர்): செயலமர்வுச் சான்றிதழ்கள் பதவி உயர்வுக்கு உதவுமா?

பதில்: ஆசிரியர் சேவைப் பிரமாணக் குறிப்பைப் பாருங்கள். சான்றிதழ் நோய் பற்றி மேலே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி (கோப்பாய்): கல்வியியற் கல்லூரி முடித்துவிட்டேன். சொந்த ஊருக்கு நியமனம்...

பதில்: வலயம், வலயம், வலயம்.

கேள்வி (வேலணை, மீண்டும்): சேர், இன்று மனதுக்குள் மூன்று எண்ணினேன். எப்போதும் பேசாத ஒரு பெடியன் பதில் சொன்னான். ஆனால் பிழை. (−3) + 5 எட்டு என்றான். நான் உடனே திருத்திவிட்டேன்.

பதில்: ஐயோ, அதைத் திருத்தியிருக்கக் கூடாது பிள்ளை! நாளைக்கு அந்த எட்டைக் கரும்பலகையில் எழுதி, எப்படி வந்தது என்று எண்கோட்டில் காட்டச் சொல்லுங்கள். அடையாளத்தை விட்டுவிட்டுக் கூட்டினானா, அல்லது −3இலிருந்து இடப்பக்கம் ஐந்து போய், வந்த −8இன் அடையாளத்தைச் சொல்லாமல் விட்டானா? இரண்டுக்கும் மருந்து வேறு. கேட்டுவிட்டுத் திரும்ப மூன்று எண்ணுங்கள். முதுகைக் காட்டிக்கொண்டு எண்ண வேண்டாம்.