நிஸ்வாவில் ஒரு வெள்ளிக்கிழமை: அரபு வீட்டு விருந்தாளியாக நான் பார்த்தது

"சுற்றுலா விசாவில் வளைகுடா நாடுகளுக்குப் போனால் அரபு மக்களின் பாரம்பரிய விருந்தோம்பலை நிஜமாகவே பார்க்க முடியுமா, இல்லை ஹோட்டலும் பாலைவன ஜீப் சவாரியும்தானா? வீட்டுக்குக் கூப்பிட்டால் எப்படி நடந்துகொள்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பார்க்க முடியும். நான் ஓமனில் பார்த்தேன். ஆனால் அதற்கு உங்கள் பயணத் திட்டத்தில் ஒரு முழு நாளைக் காலியாக விட வேண்டும். இத்தனை மணிக்கு அங்கே, அத்தனை மணிக்கு இங்கே என்று அன்றைக்கு எதுவும் இருக்கக் கூடாது. அந்த மக்கள் விருந்தாளிக்கு முதலில் கொடுப்பது தங்கள் நேரத்தை. நம்மிடம் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

என் அண்ணன் மஸ்கட்டில், ரூவியில் இருக்கிறார். நானும் மனைவியும் ஒரு ஜனவரியில் அவரைப் பார்க்கப் போயிருந்தோம். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. இருட்டோடு கிளம்பி நிஸ்வாவுக்குப் போனோம், சுமார் 160 கிலோமீட்டர். ஓமனின் பழைய தலைநகரம் அது. 1650களில் இமாம் சுல்தான் பின் சைஃப் எழுப்பிய பெரிய வட்டக் கோட்டை ஊர் நடுவில் நிற்கிறது. அதன் பக்கத்தில் வெள்ளிதோறும் காலை ஏழு மணி வாக்கில் ஆட்டுச் சந்தை கூடும்.

நம் ஊர்ச் சந்தை மாதிரி ஆடு ஓரிடத்தில் கட்டிக் கிடக்காது. வட்டமாக ஒரு பாதை. அதன் இரண்டு ஓரங்களிலும் வாங்குகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். விற்கிறவர் ஆட்டை இழுத்துக்கொண்டு விலையைக் கூவியபடி சுற்றி வருவார். பிடித்திருந்தால் கையை நீட்டி நிறுத்தி, பல்லைப் பார்த்து, மடியைப் பிடித்துப் பார்த்து, பேசி முடிப்பார்கள். ஒன்பது மணிக்கெல்லாம் கூட்டம் கலைந்துவிடும்.

நாங்கள் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் வெள்ளை திஷ்தாஷாவும் (கணுக்கால் வரை நீளும் அங்கி) பூவேலை செய்த குல்லாவுமாக ஒரு பெரியவர். எந்த ஊர் என்று ஹிந்தியில் கேட்டார். மஸ்கட் பக்கம் வியாபாரம் செய்த ஓமனிகள் பலருக்கு ஹிந்தி வரும். அண்ணன் பதில் சொன்னார். ஆடு ஒவ்வொன்றும் கடந்து போகும்போது அதன் குறை நிறைகளைப் பெரியவர் எங்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். சந்தை முடிந்ததும் எழுந்து, "தஃபத்தல், வீட்டில் கஹ்வா குடித்துவிட்டுப் போகலாம்" என்றார். தஃபத்தல் என்றால் 'வாருங்கள்', கஹ்வா என்றால் அரபுக் காப்பி.

வேண்டாம் என்றோம். மறுபடி அழைத்தார். மறுபடியும் வேண்டாம் என்றோம். மூன்றாவது முறை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே சொன்னார். முதல் அழைப்பு ஒரு மரியாதைச் சொல்லாகவும் இருக்கலாம். உடனே சரி என்று எழுந்துவிடாதீர்கள். திரும்பத் திரும்ப அழைத்தால் அது உண்மையான அழைப்பு. அதை மறுத்தால் மனம் வருந்துவார்கள்.

வீடு பத்து நிமிஷத் தொலைவில், பேரீச்சந்தோப்பு ஓரத்தில். மதிலை ஒட்டி, தெருவிலிருந்து நேராக நுழைகிற மாதிரி தனிக் கதவோடு ஒரு நீண்ட அறை. மற்ற அரபு நாடுகளில் மஜ்லிஸ் என்பதை ஓமன் கிராமங்களில் சப்லா என்பார்கள். விருந்தாளி வந்தால் வீட்டுப் பெண்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் இருக்கத்தான் அந்தத் தனிக் கதவு. சுவரோரமாக மெத்தை, சாய்ந்துகொள்ளத் திண்டு, நடுவில் ஒன்றுமில்லை. செருப்பை வாசலில் விட்டு உள்ளே போனோம். முன்பே நான்கைந்து பேர் இருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள், எண்பதைத் தாண்டிய ஒருவர் உட்பட. வலது கைப் பக்கமிருந்து தொடங்கி ஒவ்வொருவரிடமும் கை கொடுத்துக்கொண்டே போனோம். சம்மணம் போட்டு உட்காரலாம், காலை மடக்கி உட்காரலாம். உள்ளங்கால் மட்டும் யாரையும் பார்த்து நீளக் கூடாது.

அதன்பின் நலம் விசாரிப்பு. சாவகாசமாக, ஒரே கேள்வியை வேறு வேறு சொற்களில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்குள் "என்ன உலூம்?" என்று ஒருவர் கேட்க, "உலூம் ஒன்றுமில்லை" என்று மற்றவர் சொல்கிறார். உலூம் என்றால் சேதி. எத்தனை சேதி இருந்தாலும் முதல் பதில் அதுதான், பிறகு மெதுவாக ஒவ்வொன்றாக வெளியே வரும். மலைக்கும் மணலுக்கும் நடுவே சிதறிக் கிடந்த ஊர்களில், வருகிற விருந்தாளிதான் செய்தித்தாள். மழை எங்கே பெய்தது, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு, யார் செத்தார்கள் என்பதெல்லாம் அவன் வாயிலிருந்துதான் தெரிய வரும்.

வழிப்போக்கனுக்குச் சோறும் நிழலும் கொடுப்பது பாலைவனத்தில் உயிர் காக்கிற ஏற்பாடு. இன்றைக்கு என் கூடாரத்துக்கு நீ வந்தாய், அடுத்த வறட்சியில் உன் கூடாரத்துக்கு நான் வர வேண்டியிருக்கும். விருந்தோம்பல் மூன்று நாள், அதற்கு மேல் கொடுப்பது தருமம் என்று நபிமொழியே உண்டு.

முதலில் பழத்தட்டு வந்தது, ஆரஞ்சு, ஆப்பிள், வாழை. பெரியவரே உரித்து நறுக்கி எங்கள் பக்கம் நகர்த்தினார். அடுத்து பேரீச்சம்பழமும் ஹல்வாவும். ஓமானி ஹல்வா நம் திருநெல்வேலி அல்வாவுக்கு உறவுக்காரன் போலத்தான் இருக்கும், மாவுச்சத்து, சர்க்கரை, நெய், குங்குமப்பூ, ஏலக்காய், பன்னீர். அதற்குப் பிறகுதான் கஹ்வா.

கஹ்வா ஊற்றுவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இங்கேதான் நம் ஆட்கள் தடுமாறுகிறார்கள். வீட்டின் இளைய மகன், கல்லூரியில் படிக்கிற பையன், நின்றுகொண்டே ஊற்றினான். கிளி மூக்கு மாதிரி மூக்கு வைத்த தல்லா என்கிற கூஜா இடது கையில். பிடியில்லாத சின்னக் கிண்ணங்கள் வலது கையில். ஃபின்ஜான் என்பார்கள். கிண்ணத்தில் கால்வாசி, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் ஊற்றினான். நமக்கு அது கஞ்சத்தனமாகத் தெரியும். அங்கே கிண்ணத்தை நிரப்பினால்தான் அவமரியாதை, குடித்துவிட்டுக் கிளம்பு என்று சொல்வதைப் போல. கொஞ்சமாக ஊற்றினால் சூடு ஆறாது, திரும்பத் திரும்ப ஊற்றுகிற உபசாரமும் நடக்கும். கிண்ணத்தை வலது கையால் வாங்குங்கள். போதும் என்றால் வாயால் சொல்ல வேண்டியதில்லை. காலிக் கிண்ணத்தை இப்படியும் அப்படியுமாக லேசாக ஆட்டிக் கையில் கொடுத்தால் போதும். ஆட்டாமல் கொடுத்தால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். ஒன்று குடித்தால் மரியாதை, மூன்று வரை குடிக்கலாம். ஒன்றுகூடக் குடிக்காமல் மறுப்பது தவறு. பாலைவன நாடோடிகளான பதூயின் மக்களிடையே பழைய வழக்கம் ஒன்று உண்டு. ஏதாவது பெரிய உதவி கேட்டு வந்தவன் கிண்ணத்தை வாங்கிக் குடிக்காமல் முன்னால் வைத்துவிடுவான். வீட்டுக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டு, செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் குடிப்பான்.

இந்தக் காப்பி வழக்கத்தையும் மஜ்லிஸ் வழக்கத்தையும் 2015ல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. சவுதி, அமீரகம், ஓமன், கத்தார் நான்கும் சேர்ந்து விண்ணப்பித்தன.

முதல் மிடறு உள்ளே போனதும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. நான் போடிநாயக்கனூர்க்காரன். ஏலக்காய் ஏலமும், குடோன் குடோனாக உட்கார்ந்து தரம் பிரிக்கிற பெண்களும், தெரு முழுக்க அந்த வாசனையும் பார்த்தே வளர்ந்தவன். எட்டு மில்லிமீட்டர் பருமனுள்ள பச்சைக் காய் வந்தால், "இது அரபு நாட்டுக்கு" என்று தனியே ஒதுக்குவார்கள். அங்கே அதை என்ன செய்கிறார்கள் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. சர்க்கரையும் பாலும் இல்லாத அந்தக் கசப்புக்குள் எங்கள் ஊர் மணத்தது. இதில் போட்டிருப்பது எங்கள் மலையில் விளைகிற சரக்கு என்று அண்ணனை விட்டுச் சொல்லச் சொன்னேன். பெரியவர் ஒரு கை நிறையக் காய்களை எடுத்துவரச் சொல்லி என் உள்ளங்கையில் கொட்டினார். அரபியில் அதற்கு ஹேல் என்று பெயராம். ஏலம், ஹேல் என்று இரண்டையும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தோம். அறையில் இருந்த அத்தனை பேரும் சொல்லிப் பார்த்தார்கள்.

மதியம் வரை விடவில்லை. தொழுகைக்குப் போய் வந்தார்கள். திரும்பியதும் பெரிய தாம்பாளத்தில் சோறும் அதன்மேல் ஆட்டுக்கறியும் வந்தன. ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்தோம். காயல்பட்டினத்தில் நண்பன் கல்யாணத்தில் ஒரே தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து சஹன் சாப்பாடு சாப்பிட்டவன் என்பதால் எனக்குக் கூச்சம் இல்லை. உங்கள் முன்னால் இருக்கிற பகுதியில் மட்டும் கை வையுங்கள். நடுவில் கிடக்கிற நல்ல கறித் துண்டை நாமாக எடுக்கக் கூடாது, எடுக்கவும் தேவையில்லை. வீட்டுக்காரர் பிய்த்துப் பிய்த்து நம் பக்கம் வைத்துக்கொண்டே இருப்பார். நாம் நிறுத்தாமல் அவர் நிறுத்த மாட்டார்.

என் மனைவியை வந்தவுடனேயே வீட்டுப் பெண்கள் உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள். முதலில் எனக்கு அது உறுத்தியது, ஒதுக்கி வைக்கிறார்களோ என்று. வெளியே வந்து அவள் சொன்னதைக் கேட்டபோது, எங்களைவிட அவளுக்குத்தான் அதிகம் கிடைத்திருக்கிறது என்று புரிந்தது. பாட்டிமாரிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் வரை பத்துப் பெண்கள். கைக்கு மருதாணி, கழுத்துக்கு அத்தர், சேலை மடிப்பை எப்படி வைப்பது என்று ஒரு மணி நேரம். பெரியவரின் மனைவி சான்சிபாரில் பிறந்தவராம். 1964 புரட்சிக்குப் பிறகு ஓமனுக்கு வந்த குடும்பம். தன் தங்கையோடு இன்னும் சுவாஹிலியில்தான் பேசுகிறாராம். ஆண் விருந்தாளிக்கு அந்த வாசல் திறக்கவே திறக்காது. அதனால் தம்பதியாகப் போகிறவர்கள் பாதிக் கதையை மனைவியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பெண்களைப் படம் எடுக்காதீர்கள். "உங்கள் மனைவி எப்படி இருக்கிறார்" என்றும் கேட்காதீர்கள், "வீட்டில் எல்லோரும் சுகமா" என்று கேட்பதுதான் முறை. சுவரில் மாட்டியிருக்கிற கஞ்சர் கத்தியையோ தல்லாவையோ அளவுக்கு மீறிப் புகழவும் வேண்டாம். கழற்றி உங்கள் கையில் கொடுத்துவிடுவார்கள்.

எல்லோருக்கும் இப்படிச் சந்தையில் அழைப்பு வரும் என்று சொல்ல முடியாது. துபாயில் இறங்குகிறவர்களுக்கு அல் ஃபாஹிதி பழைய குடியிருப்பில் ஷேக் முகமது பின் ராஷித் கலாசாரப் புரிதல் மையம் என்று ஒன்று 1998லிருந்து நடக்கிறது. கட்டணம் உண்டு. எமிராட்டிகளோடு, அதாவது அமீரக நாட்டு மக்களோடு, தரையில் உட்கார்ந்து சாப்பிடலாம். மதம், கல்யாணம், உடை என எதைப் பற்றியும் கேட்கலாம். பாலைவன கேம்ப்பைவிட நூறு மடங்கு மேல். கேம்ப்பில் ஆடுகிற பெல்லி டான்ஸ் வளைகுடாவின் ஆட்டமே இல்லை, எகிப்துப் பக்கத்தது. சவுதியும் 2019 செப்டம்பரில் இருந்து சுற்றுலா விசா தருகிறது. எங்கே போனாலும் தோளும் முழங்காலும் மூடிய உடை, ரமலான் பகலில் வெளியிடத்தில் தின்பதைத் தவிர்ப்பது, இந்த இரண்டும் முக்கியம்.

எப்போது கிளம்புவது என்று குழம்ப வேண்டாம், அவர்களே சொல்லிவிடுவார்கள். சாப்பாட்டுக்கும் இன்னொரு சுற்று கஹ்வாவுக்கும் பிறகு, பையன் மண் தூபக்காலில் கரி போட்டு அகில் துண்டை வைத்துக் கொண்டுவந்தான். ஒவ்வொருவராகப் புகையைத் தாடிக்கும் உடைக்கும் காட்டிக்கொண்டார்கள். நானும் சட்டைக்குள் வாங்கிக்கொண்டேன். "ஊதுக்குப் பிறகு உட்கார்தல் இல்லை" என்று அரபியில் ஒரு சொலவடை. ஊது என்றால் அகில். புகை சுற்றி முடிந்ததும் எழுந்துவிட வேண்டும்.

திரும்பும் வழியில் அண்ணன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, இந்த நாட்டில் 11 வருஷமாக இருக்கிறேன், ஓமானி வீட்டுக்குள் சாப்பிட்டது இன்றைக்குத்தான் என்றார். எனக்கு நெஞ்சைப் பிசைந்தது. வேலை, ரூம், மெஸ், மறுபடி வேலை என்று ஓடுகிறவர்களுக்கு ஒரு சந்தைத் திண்ணையில் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார வாய்ப்பே இல்லை. விருந்தாளிக்குக் கிடைக்கிற அந்த மரியாதை, அதே ஊரில் கட்டடம் கட்டுகிற நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லை. இதையும் சொல்லாமல் அந்த வீட்டின் அன்பை மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த வருஷம் அண்ணன் லீவில் வந்தபோது ஒரு கிலோ எட்டு மில்லிக் காய் பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்பினேன். அவர் ஒரு வெள்ளிக்கிழமை தனியாகவே நிஸ்வாவுக்குப் போயிருக்கிறார். காலையில் போனவர் ரூவிக்குத் திரும்ப இரவு ஒன்பது மணி ஆகிவிட்டதாம்.