எட்டு போல்ட் இருந்தால் போதுமா?

கேள்வி: என்னிடம் 2003 மாடல் ஃபோர்டு எஃப்-250 பிக்கப் இருக்கிறது. நண்பர் ஒருவர் தன் ராம் 2500 பிக்கப்பிலிருந்து கழற்றிய நான்கு அலாய் வீல்களைச் சும்மாவே தருகிறேன் என்கிறார். இரண்டு வண்டிக்கும் எட்டு போல்ட்தான். மாட்டலாமா? இல்லையென்றால் வேறு எந்த வண்டியின் வீல் பொருந்தும்?

பதில்: நண்பருக்கு நன்றி சொல்லி, வீலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். போல்ட் எட்டா, ஆறா என்பதோடு நம் ஆட்கள் நிறுத்திக்கொள்கிறார்கள். எதிரெதிரே இருக்கும் இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே டேப் வைத்து, மையத்திலிருந்து மையத்துக்கு அளந்து பாருங்கள். அதுதான் பி.சி.டி., அதாவது போல்ட் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம். ராம் வீலில் 165.1 மி.மீ., அதாவது ஆறரை அங்குலம். உங்கள் வண்டியில் 170. ஃபோர்டின் பழைய கனரக பிக்கப்புகளிலும் ஆறரை அங்குலம்தான் இருந்தது; 1999-இல் உங்கள் வண்டியின் சூப்பர் டூட்டி வரிசை வந்தபோது மாற்றிவிட்டார்கள். குழப்பமே அங்கிருந்துதான்.

ஐந்து மி.மீ. கூட இல்லையே, இறுக்கினால் உட்கார்ந்துவிடாதா? உட்காராது. ராம் வீலின் நடு ஓட்டை சுமார் 121 மி.மீ., உங்கள் ஹப் (வீல் மாட்டும் நடுக் குமிழ்) சுமார் 125. ஹப்பிலேயே முட்டி நிற்கும். கடைந்து தருகிறேன் என்று லேத் பட்டறையில் யாராவது சொல்வார்கள். போல்ட் ஓட்டையை அகட்டினால் நட் உட்காரும் இடம்தான் தேயும். அப்புறம் நட் தளர்ந்து, ஸ்டட் (நட் ஏறும் மரைக்கம்பி) முறியும். இரண்டு அளவையும் இணைக்கும் அடாப்டர் தட்டை நடுவில் போடலாம் என்பார்கள். அதன் தடிமன் அளவுக்கு வீல் வெளியே தள்ளிப்போகும், பேரிங்குக்குச் சுமை கூடும். பாரம் ஏற்றும் வண்டிக்கு எனக்கு அது பிடிக்காது.

உங்களுக்குச் சரியாக வருவது 2000 முதல் 2005 வரை வந்த ஃபோர்டு எக்ஸ்கர்ஷன் எஸ்.யூ.வி.யின் 16 அங்குல வீல். அதே 170, அதே ஹப். 2005-க்குப் பிந்தைய எஃப்-250-இன் 17 அங்குல வீலும் ஏறும். தலைகீழாகச் செய்ய முடியாது: அந்தப் புது வண்டிகளில் பிரேக் பெரிது, 16 அங்குல வீல் பிரேக் காலிப்பரில் இடிக்கும்.

வாங்கும் முன் வீலின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். தாங்கும் எடை அங்கே பொறித்திருக்கும். ஓட்டுநர் கதவோரத்து ஸ்டிக்கரில் பின் அச்சுக்கு எவ்வளவு எடை என்று இருக்கிறதோ, அதில் பாதியாவது ஒரு வீல் தாங்க வேண்டும். டயரும் பாரம் தாங்கும் லோட் ரேஞ்ச் ஈ ரகமாக இருக்கட்டும். கார் டயரைப் போட்டு மணல் ஏற்றாதீர்கள்.

நட் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். தட்டையான வாஷரோடு வரும் நட் வேறு, கூம்பு நட் வேறு. வீலுக்கு ஏற்றதைத்தான் போட வேண்டும். எதிரெதிராக மாற்றி மாற்றி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். 80 முதல் 160 கி.மீ. ஓடியதும் இன்னொரு தரம் வைத்துப் பாருங்கள். புது வீல் லேசாகப் படிந்து நட் தளர்வது சகஜம்.