உலர் கண் சிகிச்சைக்குப் பிறகும் இமை வீக்கம் வடியாவிட்டால் எப்படிச் சமாளிப்பது?

கண் உலர்வுக்காக இமைகளில் ஐ.பி.எல். எனப்படும் ஒளிச் சிகிச்சையும், இமைச் சுரப்பிகளை அழுத்தி அடைப்பை வெளியேற்றும் சிகிச்சையும் செய்துகொண்டதாகவும், வாரக்கணக்கில் காத்திருந்தும் வீக்கம் வடியவில்லை என்றும், கேட்டால் "போகப் போகச் சரியாகிவிடும்" என்ற பதில்தான் கிடைக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதே சிகிச்சைக்குப் பின் இதே நிலையில் நானும் இருந்தேன். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனால் அந்த மாதங்களில் மருத்துவர்களிடம் கேட்டறிந்தவற்றில் மிக முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வடியாத வீக்கத்தைச் சிகிச்சையின் மிச்சம் என்று எண்ணிப் பொறுத்துக்கொண்டிருக்காதீர்கள். அதற்குத் தனியாக ஒரு காரணம் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கும்படி கேட்பதற்கு உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

மேல் இமையில் 25 முதல் 40 வரையிலும், கீழ் இமையில் 20 முதல் 30 வரையிலும் மெய்போமியன் சுரப்பிகள் இருக்கின்றன. கண்ணீர் சீக்கிரம் ஆவியாகாமல் காக்கும் எண்ணெய்ப் பசையைச் சுரப்பவை அவைதாம். அந்த எண்ணெய் கெட்டியாகி அடைத்துக்கொள்ளும்போதுதான் நம்மில் பலருக்குக் கண் உலர்கிறது. அடைப்பெடுக்க இமையை அழுத்தும்போது திசு நசுங்குவதால் சிவப்பும் வீக்கமும் வருவது இயல்பே. ஆனால் அவை பெரும்பாலும் சில நாட்களில் அடங்கிவிடுகின்றன. ஒரு வாரத்தைத் தாண்டியும் நீடித்தாலோ, ஒருமுறை வடிந்து மீண்டும் வந்தாலோ, சிகிச்சைக்குப் பிறகு அன்றாடம் கண்ணில் எதையெல்லாம் விடுகிறோம், இமையில் எதையெல்லாம் தடவுகிறோம் என்ற பக்கம் பார்வையைத் திருப்ப வேண்டும்.

என் விஷயத்தில் விடை அங்கேதான் இருந்தது. இரண்டாவது கருத்துக்காக நான் பார்த்த கண் மருத்துவர், வழக்கமாக விடுவதுபோலவே சொட்டு மருந்தைத் தம் எதிரில் விடச் சொன்னார். கண்ணில் தங்காமல் வழிந்த துளி, கீழ் இமையின் வெளி ஓரமாக இறங்கிக் கன்னத்தின் மேற்பகுதியில் நின்றது. கண்ணாடியை என் கையில் கொடுத்து, அந்த ஈரத் தடத்தைப் பார்க்கச் சொன்னார். எனக்குத் தோல் சிவந்து, வெங்காயச் சருகைப் போலச் சுருங்கி, செதில் உதிர்ந்துகொண்டிருந்த இடம் அச்சாக அதே தடம்தான். சொட்டு மருந்து கெடாமலிருக்கச் சேர்க்கப்படும் பென்சால்கோனியம் குளோரைடு என்ற பொருள் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அது பலருக்கு உறுத்தலையும், சிலருக்கு ஒவ்வாமையையும் தருவதோடு, நீண்ட நாள் விட்டால் கண் உலர்வையே அதிகமாக்கக்கூடியது. சிகிச்சைக்குப் பின் தரப்படும் களிம்புகள் சிலவற்றில் உள்ள நியோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தும் இப்படி ஒவ்வாமை தருவதில் பேர்பெற்றது. கெடாமலிருக்கச் சேர்க்கும் இத்தகைய பொருள் இல்லாத, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் சிறு குப்பிகளுக்கு மாற்றிய பிறகுதான் என் இமைகள் மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பின. அவை விலை கூடுதல் என்பதை மறைக்க விரும்பவில்லை. காரணம் சொட்டு மருந்தா, களிம்பா, ஒளிச் சிகிச்சைக்காகப் பூசச் சொன்ன சன்ஸ்கிரீனா, தலைச்சாயமா என்று தெளிவாகவில்லை என்றால், எந்தப் பொருள் ஒவ்வாமை தருகிறது என்று கண்டறியும் பேட்ச் டெஸ்ட்டைத் தோல் மருத்துவரிடம் செய்துகொள்ளலாம். முதுகில் ஒட்டும் பட்டைகளை 48 மணி நேரம் கழித்து எடுத்துவிட்டு, அதற்கடுத்த நாட்களில் மீண்டும் ஒருமுறை பார்ப்பார்கள்.

ஒத்தடம் பற்றி நீங்கள் குழம்பியிருப்பதில் வியப்பில்லை. சுரப்பியின் எண்ணெய் இளக வேண்டுமானால் இமைக்கு ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ் சூடு சுமார் பத்து நிமிடம் கிடைக்க வேண்டும் என்பதால் சூடான ஒத்தடம் சொல்கிறார்கள். ஆனால் ஒவ்வாமையால் வீங்கிய இமையில் சூடு வைத்தால் இரத்த நாளங்கள் விரிந்து வீக்கம் கூடத்தான் செய்யும். அதற்கு ஏற்றது குளிர்ந்த ஒத்தடம். ஆகவே வீக்கம் இருக்கும் வரை சூடு வைக்கலாமா, நிறுத்தலாமா என்று உங்கள் மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். நான் சுத்தமான பருத்தித் துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து இமைமேல் வைத்தேன்; ஐஸ் கட்டியை நேரடியாக வைக்க வேண்டாம். பன்னீர், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூச்சாறு என்று வீட்டுப் பெரியவர்கள் அன்போடு சொல்வார்கள். கிருமி நீக்கப்படாத எதையும் புண்பட்ட கண்ணில் விடக்கூடாது என்று அவர்களிடம் பணிவாகவும் உறுதியாகவும் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: மருந்துக்கடையில் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நீங்களாக வாங்கி விடாதீர்கள். அதை விட்டதும் வீக்கம் வேகமாகக் குறையும் என்பதுதான் அதன் ஆபத்து. வாரக்கணக்கில் தொடர்ந்தால் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கண் அழுத்தம் உயர்கிறது. அந்த அழுத்தம் நீடித்தால் பார்வை நரம்பு பாதிக்கப்படும் கிளாக்கோமா வரலாம். அதனால் போன பார்வை திரும்புவதில்லை, போவது வலிப்பதும் இல்லை. மருத்துவரே எழுதித் தந்திருந்தால், எத்தனை நாள், எப்படிக் குறைத்து நிறுத்துவது, அழுத்தத்தை எப்போது சோதிப்பது என்ற மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

சிகிச்சைக்குச் சம்பந்தமே இல்லாத காரணங்களும் உண்டு. தைராய்டு சார்ந்த கண் நோய், உலர்வையும் இமை வீக்கத்தையும் சேர்த்தே தரும். காலையில் இரு கண்களும் உப்பி, கால்களும் வீங்கினால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். இமையில் ஒரே இடத்தில் கெட்டியான கட்டி திரும்பத் திரும்ப வந்தால், குறிப்பாக வயதானவர்களுக்கு, சதையெடுத்துச் சோதிப்பது நல்லது. அரிதாக அது இமைச் சுரப்பியின் புற்றுநோயாக இருக்கக்கூடும். கண்ணை அசைக்கும்போது வலி, பார்வை மங்கல், இரட்டையாகத் தெரிதல், கண் பிதுங்குதல், காய்ச்சல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அன்றாடத்தைக் கடக்க எனக்குக் கைகொடுத்தவை சிறியவை. படுத்திருக்கும்போது இமைத் திசுவில் நீர் தேங்குவதால், தலைமாட்டை உயர்த்தி வைத்து உறங்கினேன். மின்விசிறியின் காற்று முகத்தில் நேராக விழாதபடி கட்டிலைத் தள்ளிப் போட்டேன். கண்மையை அடியோடு நிறுத்தினேன். எவ்வளவு அரித்தாலும் கண்ணைக் கசக்கக்கூடாது. "அழுதீர்களா?" என்று அலுவலகத்தில் ஒவ்வொருவரும் கேட்பது வீக்கத்தைவிடவும் சோர்வு தரும். சிகிச்சையின் பின்விளைவு என்று ஒரே வாக்கியத்தில் முன்கூட்டியே சொல்லிவைத்தது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. முகம் மாறிப்போன வருத்தம் அற்பமானது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

அடுத்த முறை போகும்போது, தினமும் காலையில் ஒரே வெளிச்சத்தில் எடுத்த இமைப் படங்களையும், பயன்படுத்தும் அத்தனை சொட்டு மருந்து, களிம்பு, முகப்பூச்சுகளையும் அட்டைப்பெட்டியோடு எடுத்துச் செல்லுங்கள். எவற்றை நிறுத்தலாம், எந்த வரிசையில் ஒவ்வொன்றாக மீண்டும் தொடங்கலாம் என்பதை அவற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். கிளாக்கோமாவுக்கான சொட்டு மருந்து ஏதேனும் விடுகிறீர்கள் என்றால் அதை மட்டும் கேட்காமல் நிறுத்த வேண்டாம். ஒளிச் சிகிச்சையின் அடுத்த அமர்வுக்கு நாள் குறித்திருந்தால், வீக்கத்தின் காரணம் தெரியும் வரை அதைத் தள்ளிவைக்கும்படி இப்போதே கேட்டுவிடுங்கள்.